அல்பாக்கா: வளர்ப்பதற்கா, விற்பதற்கா?

கனடாவுக்கு அகதிகளாக வந்திறங்கி, முப்பது நாற்பது ஆண்டுகளைத் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் கழித்துவிட்ட எம்மவரிடையே அண்மைக் காலமாகப் பழைய ஆசை ஒன்று மீண்டும் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. அது காணி ஆசை. ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டத் தூரத்தில் ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ வாங்கி, வேலி அடைத்து, நாலு உயிர்களை வளர்த்து ஓய்வு காலத்தைக் கழிக்கலாம் என எண்ணுவோர் கூடி வருகின்றனர். பிறந்த மண்ணில் கிணறும் வளவுமாக வாழ்ந்துவிட்டு, இங்கே பத்தாம் மாடியில் பூச்சட்டிக்குள் கறிவேப்பிலை வளர்த்தவர்களின் ஆசை இது. இதனைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ஆனால் காணி வாங்கியதும் அடுத்த கேள்வி எழுகிறது. அங்கே எதனை வளர்ப்பது? ஆடு, கோழி, தேனீ என்று பலரும் பலவிதமாகச் சொல்கையில், சிலர் அல்பாக்கா என்கின்றனர். நீண்ட கழுத்தும் பெரிய கண்களும் பஞ்சுப் பொதி போன்ற உடலும் கொண்ட அந்தத் தென்னமெரிக்க விலங்கைப் பிள்ளைகளோடு பண்ணைகளுக்குச் சென்று பார்த்தவர்கள் பலர். பார்ப்பவர் மனத்தைக் கவரும் பிராணி என்பதில் ஐயமில்லை. எனினும் அதனைக் காசு போடும் வழியாக எவரேனும் எடுத்துரைக்கும்போதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டியுள்ளது. "ஒரு பெட்டையை வாங்குங்கள், ஆண்டுக்கொரு குட்டி ஈனும், அந்தக் குட்டியும் வளர்ந்து ஈனும், வங்கி வட்டியிலும் வேகமாக உங்கள் முதல் பெருகும்" என்பதே அந்த உரையின் சாரம். அல்பாக்காவை அதன் மயிருக்காகவும் எருவுக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் வளர்ப்பவர் வளர்க்கட்டும். குட்டிகளை அடுத்தவருக்கு விற்றுப் பணம் காணலாம் என்ற நம்பிக்கையில் சேமிப்பை அதில் முடக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

முதலில் அந்த விலங்கைப் பற்றி. அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தீஸ் மலைத்தொடரில் கடல்மட்டத்துக்கு 4,000 மீற்றர் அளவிலான உயரத்தில் அமைந்த புல்வெளிகளே அதன் தாயகம். அங்குள்ள மக்கள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விக்குனா என்னும் காட்டு விலங்கைப் பழக்கி இதனை உருவாக்கினர் என்று ஆய்வாளர் கூறுவர். 2001இல் வெளியான மரபணு ஆய்வொன்று அந்த உறவை உறுதிப்படுத்தியது. இன்றும் உலகின் அல்பாக்காக்களில் மிகப் பெரும்பான்மை பெருவிலேயே உள்ளன. 2012ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில் அங்கு 36 இலட்சத்துக்கும் மேற்பட்டவை எண்ணப்பட்டன. பொலிவியாவும் சிலியும் அதற்குப் பின்னால் வருபவை. சுருண்ட, உப்பிய மயிருடையது உவக்காயா. நீண்ட பட்டு இழைகளாகத் தொங்கும் மயிருடையது சூரி. நாம் பண்ணைகளில் காண்பவற்றுள் பெரும்பாலானவை உவக்காயாக்களே.

இன்கா ஆட்சியிலும் அதற்கு முன்னரும் இந்த விலங்கின் இனவிருத்தி எவ்வளவு கவனமாக நடைபெற்றது என்பதற்கு மண்ணுக்குள்ளேயே சான்று கிடைத்துள்ளது. பெருவின் தென்பகுதியில் எல் யறால் என்னுமிடத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பலியிட்டுப் புதைக்கப்பட்ட விலங்குகள், வறண்ட மண்ணில் உலர்ந்து கெடாமல் இருந்தன. ஜேன் வீலர் என்னும் ஆய்வாளரும் அவரது தோழர்களும் அவற்றின் மயிரை அளந்து பார்த்தபோது, அது இன்றைய மந்தைகளின் மயிரைவிட மெல்லியதாகவும் ஒரே சீரானதாகவும் இருக்கக் கண்டனர். ஸ்பானியர் வந்து மந்தைகள் அழிந்து, எஞ்சியவை லாமாவோடு கலந்து, ஆயிரமாண்டு கால உழைப்பு சில தலைமுறைகளுக்குள் குலைந்துபோயிற்று. அரசனுக்கும் கோவிலுக்கும் தனித்தனி மந்தை வைத்திருந்த சமூகமொன்றின் அறிவு அது. இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் அதனைக் கைக்கொண்டுவிடலாம் என்பார் சொல்லை நான் நம்பத் தயாரில்லை.

ஆடு மாடு வளர்த்த எம்மவருக்கு அல்பாக்காவின் இனப்பெருக்கம் புதுமையாகவே தோன்றும். ஆட்டைப் போல அது பருவத்துக்குப் பருவம் கத்திக்கொண்டு நிற்பதில்லை. கிடாயோடு சேர்ந்த பின்னரே பெட்டையின் கரு முட்டை வெளியாகிறது. பெட்டை தரையில் மடிந்து அமர, கிடாய் தொண்டைக்குள் ஒருவித முழக்கம் எழுப்பியவாறு இருபது நிமிடமோ அதற்கு மேலோ சேர்ந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கிடாயைக் கொண்டுவந்தால், சினைப்பட்ட பெட்டை அதன் முகத்திலேயே காறி உமிழ்ந்து ஓடும். வளர்ப்போர் முதலில் நம்புவது இந்த உமிழ்நீர்ப் பரிசோதனையைத்தான். மிருக வைத்தியரின் கருவி பின்னர்தான் வரும். மாடுகளுக்குச் செய்வது போன்ற செயற்கைச் சினைப்படுத்தல் இதற்கு எளிதில் கைகூடுவதில்லை. ஆகவே கிடாய் ஒன்றை வைத்திருக்க வேண்டும், அல்லது கூலி கொடுத்து வேறு பண்ணைக் கிடாய்க்கு விட வேண்டும்.

சினைக்காலம் பதினொன்று முதல் பதினொன்றரை மாதம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. இரட்டைக் குட்டி மிக அரிது, அவை பிழைப்பது அதனினும் அரிது. பெரும்பாலும் காலைக்கும் பிற்பகலுக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே ஈனும். இரவில் உறையும் மலைநாட்டில் பகற்பொழுதுக்குள் குட்டி உலர்ந்து எழுந்து நின்றால்தான் உயிர் தப்பும் என்பதால் இயற்கை அவ்வாறு அமைத்திருக்கிறது போலும். ஆறு முதல் எட்டுக் கிலோ நிறையுள்ள அக்குட்டி முதல் நாளிலேயே கடும்புப் பாலைக் குடித்தாக வேண்டும். நோயெதிர்ப்புச் சக்தி தாயின் கருப்பையில் அதற்குக் கிடைப்பதில்லை. அந்தப் பாலில்தான் கிடைக்கிறது. தாயிடம் பால் இல்லையெனப் புட்டியில் ஊட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மனிதரிடம் அளவுக்கு மீறிப் பழகிய கிடாய்க் குட்டி, வளர்ந்ததும் மனிதரையே தன் இனமாக எண்ணி மோதும், மிதிக்கும், கடிக்கும். நாம் செல்லம் என்று நினைப்பது பின்னர் ஆபத்தாக முடிகிறது.

இவையாவும் பழகிக்கொள்ளக் கூடியவையே. ஆனால் ஒன்ராறியோவின் சூழலுக்கே உரிய இரண்டு தொல்லைகளை விற்பனைக்காரர் எவரும் முதல் நாளில் சொல்வதில்லை.

ஒன்று வெயில். நாலாயிரம் மீற்றர் உயரத்தில் சுட்டெரிக்கும் சூரிய ஒளியில் உருவான உடல் அது. இங்கே நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும் ஒளி, அடர்ந்த மயிரையும் கரிய தோலையும் ஊடுருவி விற்றமின் டி உண்டாக்கப் போதாது. குட்டிகளின் கால்கள் வளைகின்றன, முதுகு கூனுகிறது, நடக்க மறுக்கின்றன. குளிர்காலம் முழுவதும் குறித்த இடைவெளியில் ஊசி மூலமோ வாய் மூலமோ விற்றமின் கொடுக்க வேண்டும். இங்கு வந்த எம்மவர் எத்தனை பேருக்கு வைத்தியர் அதே விற்றமினை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதை வாசகர் அறிவர். இந்த விலங்கும் எம்மைப் போலவே இடம் மாறி வந்ததுதான்.

இரண்டாவது, மூளைப்புழு. கிழக்குக் கனடாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் திரியும் வெண்வால் மானின் மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு புழு வாழ்கிறது. மானுக்கு அதனால் பெருங்கேடு இல்லை. மானின் எச்சத்தோடு வெளியேறும் அதன் நுண்புழுக்கள், நத்தையிலும் ஓடில்லா நத்தையிலும் புகுந்து வளர்கின்றன. புல்லோடு அந்த நத்தையையும் அல்பாக்கா விழுங்கிவிட்டால், புழு அதன் முள்ளந்தண்டுக்குள் வழி தவறி அலைந்து நரம்பைக் குதறுகிறது. பின்கால்கள் இழுபடும், சில நாட்களில் எழ முடியாமற் போகும். இதனைத் தடுக்க, பனி இல்லாத மாதங்களில் ஏறத்தாழ மாதந்தோறும் புழு மருந்து ஏற்றுவது இப்பகுதிகளில் வழக்கம். அவ்வாறு ஓயாது மருந்து ஏற்றுவதால் குடலில் இரத்தம் குடிக்கும் வேறு புழுக்கள் அந்த மருந்துக்கு மசியாதவையாகிவிடுகின்றன என்பது அடுத்த சிக்கல். மான் புகாத வேலி, நீர் தேங்காத நிலம், எச்சத்தைச் சோதித்து மருந்திடுதல் ஆகியவற்றுக்குக் கணக்குப் போடாமல் இறங்குவோர் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே இழப்பைக் காண்பர்.

இவற்றோடு செலவையும் சேர்த்துப் பாருங்கள். எழுபது கிலோ நிறையுள்ள விலங்கொன்று நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ அளவு உலர்புல் தின்னும். பத்து விலங்குகளுக்கு, மேய்ச்சல் இல்லாத இருநூறு நாட்களுக்கு, இரண்டரைத் தொன். இருபது கிலோக் கட்டுகளாக வாங்கினால் 125 கட்டு. அத்துடன் நகம் வெட்டுதல், பல் தேய்த்தல், மயிர் கத்தரிப்பவரின் கூலி, மிருக வைத்தியர். கொயோட்டி ஓநாய்களும் அயலவர் நாய்களும் வேலி தாண்டினால் எதிர்த்து நிற்க அல்பாக்காவால் முடியாது. கூட்டமாக வாழும் பிராணியாதலால் ஒன்றைத் தனியே வளர்ப்பதும் கொடுமை. இரண்டு மூன்றாவது வேண்டும்.

இனி, பணப் பெருக்கம் பற்றிய பேச்சுக்கு வருவோம். இதில் ஊகத்துக்கு இடமில்லை. எமது அயல் நாடாகிய அமெரிக்காவில் இந்த நாடகம் முழுமையாக நடந்து முடிந்துவிட்டது. 1984இல் அங்கு அல்பாக்காக்கள் வணிக நோக்கில் இறக்குமதியாகத் தொடங்கின. 1988இல் அவற்றுக்கான வமிசப் பதிவேடு உருவாகியது. 1998 டிசெம்பர் 31ஆம் திகதியோடு, வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளுக்கு அந்தப் பதிவேட்டின் கதவு மூடப்பட்டது. பதிவில்லாத விலங்குக்கு விலை இல்லை. ஆகவே உள்ளே இருந்தவற்றின் விலை மதில் கட்டிக் காக்கப்பட்டது. நல்ல பெட்டை ஒன்று இருபதாயிரம் டொலரையும் தாண்டி விற்பனையாயிற்று. பேர்பெற்ற கிடாய்கள் ஏலத்தில் இலட்சக் கணக்கில் போயின. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. வாங்கிய விலையை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஆசையும் காட்டப்பட்டது. ஓய்வூதியக்காரரும் அலுவலக உத்தியோகத்தரும் வரிசையில் நின்று வாங்கினர்.

அந்நாட்களிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரீனா செய்ற்றோன், றிச்சாட் செக்ஸ்ரன் என்ற இரு பொருளியலாளர் இந்த விலையை ஆராய்ந்தனர். 2007இல் ஆய்விதழில் வெளியான அவர்களது கட்டுரை எழுப்பிய கேள்வி எளிமையானது. ஓர் அல்பாக்கா தன் வாழ்நாளில் தரக்கூடிய மயிரின் பெறுமதி என்ன? அதன் குட்டிகள் தரக்கூடிய மயிரின் பெறுமதி என்ன? அவற்றைக் கூட்டினால் சந்தை விலையின் கிட்டவும் வரவில்லை. மயிருக்காக எவரும் அந்த விலை கொடுக்கவில்லை. தமக்குப் பின்னால் இன்னொருவர் அதே விலை கொடுப்பார் என்ற எண்ணத்திலேயே கொடுத்தனர். ஊக வாணிகக் குமிழி இது என்று அவர்கள் தீர்ப்புக் கூறினர். அல்பாக்கா வளர்ப்போர் பலர் அவர்கள்மீது சினங்கொண்டனர். 2008இன் நிதி நெருக்கடி வந்ததும் வாங்குவோர் இல்லாமற் போயினர். ஆயிரங்களில் வாங்கியவை நூறுகளுக்கு விற்பனையாயின. பின்னர் கொண்டுபோனால் போதும் என்று இலவசமாகக் கொடுக்கப்பட்டன. கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கத் தொண்டர்கள் முன்வர வேண்டியதாயிற்று.

விலை ஏன் விழுந்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை. எமது சீட்டுக் கணக்கே போதும். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டி ஈன்றால் இரண்டாண்டுக்கு ஒரு பெட்டைக் குட்டி. அது இரண்டு வயதளவில் கிடாய்க்கு விடப்பட்டு மூன்றில் ஈனும். இழப்புகளைக் கழித்துவிட்டாலும் மந்தை ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்துப் பெட்டை ஒன்பதாண்டில் எண்பது. முப்பதாண்டில் பத்தாயிரத்தையும் தாண்டும். ஒவ்வொரு பண்ணையும் இவ்வாறு பெருகினால், அவற்றையெல்லாம் பழைய விலைக்கே வாங்கப் புதுப்புது மனிதர் எங்கிருந்து வருவர்? முதலில் இறங்கியவர் கடைசியில் இறங்கியவரின் சேமிப்பைப் பெற்றுக்கொண்டார் என்பதுதான் நடந்தது. ஒருவரை ஒருவர் சேர்த்துவிட்டுப் பங்கு பெறும் விற்பனைத் திட்டங்களில் எமது குடும்பங்கள் எத்தனை இழந்தன என்பதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களில்தான் அந்த வலை பெரும்பாலும் விரிக்கப்பட்டது. அல்பாக்காவுக்குப் பஞ்சு போன்ற முகம் இருப்பதால் அது வேறு வலையாகிவிடாது.

அல்பாக்காவோடு இந்தக் கதை தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. 1990களில் ஈமு வளர்ப்பு இதே வழியில் சென்றது. சோடி பல்லாயிரம் டொலருக்கு விலைபோன அந்தப் பறவைகளை, அதே பத்தாண்டு முடிவதற்குள் ரெக்சாஸ் பண்ணையாளர் சிலர் தீனி போட முடியாமல் வெளியே துரத்திவிட்டனர். இன்னும் பின்னோக்கிப் போனால் சாள்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரைக் காண்போம். பெருவின் தடையை மீறி, மந்தையை மலைகள் தாண்டி ஓட்டிச் சென்று, 1858இல் இருநூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சிட்னியில் கரையிறக்கினார். நியூ சவுத் வேல்ஸ் அரசு அவற்றை வாங்கியது. எதிர்பார்த்த கம்பளித் தொழில் அங்கே வேரூன்றவில்லை. சில ஆண்டுகளில் மந்தை ஏலம்போய்ச் சிதறியது. அதே லெட்ஜர்தான் பின்னர் 1865இல் பொலிவியாவின் சிங்கோனா விதைகளை இலண்டனுக்கு அனுப்பியவர். பிரித்தானியர் வேண்டாமென்ற அந்த விதையை டச்சுக்காரர் வாங்கி ஜாவாவில் நட்டுக் குயினைன் சந்தையைப் பிடித்தனர். இலங்கை மலையகத்தில் கோப்பி அழிந்த பின்னர் தோட்டத்துரைமார் எல்லோரும் ஒரே வேளையில் சிங்கோனாவில் பாய்ந்ததும், 1880களில் பட்டை மலிந்து விலை சரிந்ததும், எமது மலையக உறவுகளின் கைகளே அதனை நட்டுப் பின் பிடுங்கித் தேயிலை வைத்ததும் வரலாறு. எல்லோரும் ஒன்றையே நட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மலைகள் அறியும்.

அப்படியானால் அல்பாக்காவின் உண்மையான வருமானம் எது? மயிர்தான். ஆண்டுக்கொருமுறை, கோடை வெப்பம் ஏறுவதற்கு முன்னர் கத்தரிக்க வேண்டும். கத்தரிக்காவிடில் ஒன்ராறியோவின் யூலை மாதப் புழுக்கத்தில் அது மூச்சுத் திணறிச் சாகக்கூடும். ஒரு விலங்கில் இரண்டு மூன்று கிலோ கிடைக்கும். முதுகிலும் விலாவிலும் உள்ளதே முதற்தரம். கழுத்து, கால், வயிற்று மயிர் தடித்தது. செம்மறியின் கம்பளியைப் போல எண்ணெய்ப் பிசுக்கு இதில் மிகக் குறைவு, கழுவுவது எளிது. மெல்லிய மயிரின் தடிப்பு இருபது மைக்கிரோன் அளவு. முப்பதைத் தாண்டினால் உடலில் குத்தும். பாய்க்கும் விரிப்புக்குமே உதவும். விலங்கு முதுமையடையவும், புல் கொழுமையாகவும், மயிர் தடிக்கிறது. கடைகளில் "பேபி அல்பாக்கா" என்று எழுதியிருப்பது குட்டியின் மயிர் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது மெல்லிய தரத்துக்கு இட்ட பெயர் மாத்திரமே.

ஆகவே நல்ல இனவிருத்தி என்பது குட்டிகளின் தொகையைக் கூட்டுவதல்ல. மெல்லிய, சீரான மயிரைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவது. அதற்கு முதலில் வேண்டியது வேண்டாம் என்று சொல்லும் துணிவு. பத்துக் கிடாய்க் குட்டிகளில் ஒன்றோ இரண்டோதான் இனவிருத்திக்குத் தகுந்தவை. மற்றவற்றை நலமடித்துவிட வேண்டும். குமிழி நிலவிய காலத்தில் ஒவ்வொரு கிடாயும் பணமாகத் தெரிந்ததால் நலமடிக்க எவருக்கும் கை வரவில்லை. நெருங்கிய இரத்த உறவுக்குள் சேர்ப்பது, மூக்குத் துவாரம் அடைபட்டுப் பிறக்கும் குட்டிகளைப் பற்றி வெளியே பேசாமல் மறைப்பது, வெள்ளையையும் சாம்பலையும் கூட்டி நீலக்கண்ணும் செவிட்டுக் காதுமாக வெள்ளைக் குட்டிகளைப் பெறுவது போன்ற தவறுகளும் அந்த அவசரத்தில் மலிந்தன.

இந்த மயிரை நம்பியே வாழ்கின்ற மக்களையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பெருவின் மலைநாட்டில் கெச்சுவாவும் அய்மாராவும் பேசும் மேய்ப்பர் குடும்பங்களின் மந்தைகள் பெரும்பாலும் நூறுக்குக் குறைவானவை. அவர்களது மயிர் தரகர் கை மாறி அரெக்கிப்பா நகரின் ஒருசில பெரிய ஆலைகளைச் சேர்கிறது. மெல்லியது தடித்தது என்று பாராமல் நிறைக்கே விலை கொடுப்பது நெடுங்கால வழக்கம். மேம்பட்ட மயிருக்கு மேலதிக காசு கிடையாதெனில் மேய்ப்பர் எதற்காக மினக்கெட வேண்டும்? மேய்ச்சலைக் காக்கும் மலைச் சதுப்புகள் வறண்டு வருவது இன்னொரு கேடு. இவற்றுக்கும் மேலாக, 1980 முதல் 2000 வரை "ஒளிரும் பாதை" இயக்கத்துக்கும் அரச படைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர்கள் இந்த மலைநாட்டவரே. 2003இல் உண்மைக்கும் மீளிணக்கத்துக்குமான ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, கொல்லப்பட்டோரும் காணாமற்போனோருமாக 69,000க்கும் அதிகமானோர் என மதிப்பிட்டது. பலியானோரில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவாவையோ வேறு பூர்வீக மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். அயகூச்சோ, உவான்காவெலிக்கா மாவட்டங்களிலிருந்து மந்தையையும் வீட்டையும் விட்டு லீமாவின் புறநகர் மணல்மேடுகளுக்கு ஓடிவந்த குடும்பங்களின் கதையை எமது வாசகருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2024ஆம் ஆண்டை ஒட்டகவினங்களின் சர்வதேச ஆண்டாக அறிவித்தது இத்தகைய மேய்ப்பர்களை முன்னிறுத்தியே. தலைமுறை தலைமுறையாக இதனையே அறிந்த அம்மக்களுக்கே மயிரை விற்று வாழ்வது கடினமாக இருக்கையில், எமது பத்து ஏக்கரில் அது எளிதாகிவிடும் என்று எவ்வாறு கூறுவது?

இவ்வளவும் கூறியபின், அல்பாக்காவே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதாக எண்ண வேண்டாம். காணியும் வேலியும் தொழுவமும் வருமானமும் முன்னரே உள்ளவர், நலமடித்த கிடாய்கள் மூன்றை வாங்கித் தொடங்கலாம். பெட்டையின் விலையோடு ஒப்பிட்டால் அவை மலிவு, ஈனும் தொல்லையில்லை, மயிர் அதே மயிர்தான். ஒரே இடத்தில் எச்சமிடும் பழக்கம் உள்ளதால் எருவை அள்ளுவது எளிது. அதனை நீண்ட நாள் மக்கவிடாமலே மிளகாய்க்கும் கத்தரிக்கும் இடலாம் என்பர் வளர்ப்போர். மூன்று விலங்குகளின் முதற்தர மயிர் மூன்று நான்கு கிலோ வரும். அதனை மூல மயிராக விற்றால் உலர்புற் செலவுக்கே போதாது. நூலாக்கி, தொப்பியும் காலுறையுமாகப் பின்னி விற்றால் ஏதோ தேறும். எமது தாய்மாரிடையே பின்னல் அறிந்தவர் குறைவில்லை. இரண்டு குளிர்காலம் இவ்வாறு கழிந்தபின் பெட்டை வாங்குவதா என்று யோசிக்கலாம்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். பண்ணை நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கலாம் என்று கூறி விற்போர் உளர். கனடாவின் வருமான வரிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பண்ணை முதன்மை வருமானமாக இல்லாதவர் அவ்வாறு கழிப்பதற்கு ஆண்டொன்றுக்கு 17,500 டொலர் என்ற உச்ச வரம்பை விதித்துள்ளது. வியாபாரம் என்று சொல்ல முடியாத வெறும் பொழுதுபோக்குப் பண்ணைக்கு அதுவும் இல்லை. கணக்காளரிடம் கேட்காமல் விற்பவரிடம் வரி ஆலோசனை பெறுவது எவ்வளவு மடமை!

மே, யூன் மாதங்களில் ஒன்ராறியோப் பண்ணைகளில் மயிர் கத்தரிப்பு நடைபெறும். ஆசையுள்ளோர், வாங்கும் எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு நாள் உதவிக்குப் போய் நில்லுங்கள். விலங்கைக் கயிற்றில் இழுத்துக் கட்டிக் கிடத்தும்போது அது எழுப்பும் ஓலத்தையும், பச்சைப் புல்லோடு உமிழும் எச்சிலையும், மயிரைத் தரம் பிரிக்கும் பொறுமையையும் நேரில் காணலாம். பண்ணையாளரிடம் கடந்த ஆண்டில் எத்தனை கிலோ மயிர் விற்றீர்கள், எத்தனை குட்டி இறந்தது, மூளைப்புழுவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவரது மிருக வைத்தியரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அல்பாக்காவைப் பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர்கள் அதிகம் பேர் இல்லை. நீங்கள் வாங்க எண்ணும் காணிவரை அவர் வருவாரா என்பதைக் காணி உறுதியில் கையொப்பமிடுவதற்கு முன்னரே தொலைபேசியில் விசாரித்து வைப்பது நல்லது.